அனாமத்துக் கணக்கில் விழும் ப்ராசஸ்கள்

வணிகவியல் படிப்பவர்களுக்கு அனாமத்துக் கணக்கு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இருப்பாய்வில் இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை. எங்கே தப்பு என்று தெரியவில்லை. ஆனால் ஏட்டை முடித்தாக வேண்டும். வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்தில் போட்டுவிட்டு, அப்புறம் நிதானமாகத் தேடுவார்கள்.

யூனிக்ஸ் சர்வர்களிலும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு சமாசாரம் உண்டு. யாரோ ஒருவர் எங்கிருந்தோ லாகின் செய்து ஒரு வேலையை ஆரம்பித்திருப்பார். நடுவில் இணைப்பு அறுந்து போயிருக்கும். ஆள் போய்விட்டார், ஆனால் அவர் ஆரம்பித்த வேலை மட்டும் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்பாரில்லை. இப்படி நூறு பேர் பயன்படுத்தும் சர்வரில் சில மாதம் போனால், மெமரியையும் சிபியூவையும் தின்றுகொண்டு ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். இவற்றைத்தான் அநாதை ப்ராசஸ் என்கிறார்கள்.

இதைச் சுத்தம் செய்வது எப்படி என்று தேடினால் ஒற்றை வரி வைத்தியங்கள் நிறையக் கிடைக்கும். எல்லாமே 'இந்த மாதிரி இருப்பதையெல்லாம் கொன்றுவிடு' ரகம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது, அனாமத்துக் கணக்கில் இருக்கும் தொகையை என்ன ஏது என்று பார்க்காமல் நட்டத்தில் எழுதுவதற்குச் சமம். ஏன் என்று பார்க்க, கொஞ்சம் குடும்ப விவகாரம் தெரிய வேண்டும்.

யார் அநாதை?

யூனிக்ஸில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு ப்ராசஸ். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், கூடவே அதைப் பெற்ற தாய் ப்ராசஸின் எண். நீங்கள் லாகின் செய்ததும் உங்களுக்கென்று ஒரு ஷெல் வரும். அதில் நீங்கள் அடிக்கும் கமாண்டுகள் எல்லாம் அந்த ஷெல்லின் பிள்ளைகள்.

தாய் முதலில் செத்துப் போனால்? பிள்ளை நடுத்தெருவில் நிற்காது. 1 என்ற எண்ணுள்ள ப்ராசஸ், அதாவது சிஸ்டம் எழுந்ததும் முதலில் ஓட ஆரம்பிக்கும் இனிட், அதைத் தத்து எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு பட்டியலில் அந்தப் பிள்ளைக்கு நேரே தாய் எண் 1 என்று இருக்கும். அவ்வளவுதான் அநாதை. பெயர் பரிதாபமாக இருந்தாலும் அது உயிரோடு, வேலை செய்துகொண்டு இருக்கலாம்.

இதையும் ஜோம்பியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஜோம்பி என்பது ஏற்கெனவே செத்துப்போனது. செத்த செய்தியைத் தாய் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை, அதனால் பட்டியலில் ஒரு வரி மட்டும் மிச்சம். செத்ததை மறுபடி கொல்ல முடியாது. தாயைத்தான் கவனிக்க வேண்டும். அநாதைக்குத் தாய் இல்லை, ஜோம்பிக்குக் காரியம் நடக்கவில்லை. :-)

ஃபோனை வைத்த சத்தம்

இணைப்பு அறுந்தால் வேலை தானாக நிற்க வேண்டாமா? நிற்க வேண்டும் என்றுதான் ஆரம்பத்திலேயே ஏற்பாடு செய்தார்கள்.

1970களில் யூனிக்ஸ் பயன்படுத்தியவர்களில் பலர், தட்டச்சு இயந்திரம் மாதிரி இருக்கும் டெலிடைப்பை மோடம் வழியாகத் தொலைபேசி லைனில் இணைத்துத்தான் வேலை செய்தார்கள். ஃபோனை வைத்துவிட்டால் லைனில் வரும் சத்தம் நிற்கும். கெர்னல் அதைக் கவனித்து, அந்த டெர்மினலைச் சேர்ந்த ப்ராசஸ்களுக்கு 'லைன் போயிற்று' என்று ஒரு சிக்னல் அனுப்பும். அதன் பெயர் சிக்ஹப், அதாவது ஃபோனை வைத்துவிட்டார்கள் என்ற செய்தி. சிக்னல்களில் அதற்கு எண் 1. அதை வாங்கிய புரோகிராம் வேறு ஏற்பாடு செய்துகொள்ளவில்லை என்றால் செத்துப்போகும்.

ஆனால் எல்லாரும் அப்படி நின்றுபோக வேண்டும் என்று விரும்பவில்லை. ராத்திரி முழுக்க ஓட வேண்டிய கணக்கு ஒன்றை ஆரம்பித்துவிட்டு, ஃபோனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் அன்றும் இருந்தார்கள். அதற்காகத்தான் நோஹப் என்ற கமாண்ட். 'ஃபோனை வைத்தாலும் கண்டுகொள்ளாதே' என்று சொல்லி ஒரு வேலையை ஆரம்பித்து வைப்பது. 1973இல் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பிலேயே இது இருந்தது.

ஆக, லைன் அறுந்தால் சாக வேண்டும் என்ற விதியும், சாகாமல் இருக்க ஒரு வழியும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தவை. இரண்டுமே நியாயமான தேவைகள்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பின்னணியில் எப்போதும் ஓடும் டீமன் புரோகிராம்களுக்கு டெர்மினலே கிடையாது. அதனால் அவற்றுக்கு 'ஃபோனை வைத்துவிட்டார்கள்' என்ற செய்தி வரவே வாய்ப்பில்லை. சும்மா கிடந்த அந்தச் சிக்னலை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பல டீமன்களுக்கு இன்றும் சிக்ஹப் அனுப்பினால் அர்த்தம் 'அமைப்புக் கோப்பை மறுபடி படி' என்பதுதான். ஒரே சிக்னல், ஒருவருக்குச் சாவு, இன்னொருவருக்குச் செய்தித்தாள்.

அப்புறம் ஏன் மிச்சம் விழுகிறது?

ஏற்பாடு இவ்வளவு இருந்தும் சர்வரில் குப்பை சேர்வதற்குக் காரணங்கள் சில.

முதல் காரணம், லைன் போனது சர்வருக்கே தெரியாது. இன்று மோடம் இல்லை, எஸ்எஸ்ஹெச் இருக்கிறது. லேப்டாப்பை மூடிவிட்டாலோ, வைஃபை போய்விட்டாலோ, நடுவில் உள்ள ரவுட்டர் இணைப்பை மறந்துவிட்டாலோ, 'போய் வருகிறேன்' என்ற செய்தி சர்வருக்குப் போகாது. ஆள் அமைதியாக யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று சர்வர் நினைத்துக்கொள்ளும். லினக்ஸில் டிசிபி கீப்அலைவின் வழக்கமான கணக்கு: 7,200 விநாடி, அதாவது 2 மணி நேரம் சும்மா இருக்கும். அப்புறம் 75 விநாடிக்கு ஒரு தடவை 'இருக்கிறாயா?' என்று 9 முறை கேட்கும். பதிலே இல்லை என்றால்தான் கைவிடும். மொத்தம் 2 மணி 11 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதுவரை அந்த ஷெல்லும் அதன் பிள்ளைகளும் அப்படியே இருக்கும். பயனாளர் மறுபடி லாகின் செய்து அதே வேலையை இன்னொரு தடவை ஆரம்பித்திருப்பார். ஒன்று இரண்டாகிறது.

இரண்டாவது காரணம் ஷெல்லின் குணம். பேஷ் ஷெல்லில் ஒரு வேலையைப் பின்னணியில் தள்ளிவிட்டு முறையாக வெளியேறினால், வழக்கமான அமைப்பில் அந்த வேலைக்கு பேஷ் சிக்ஹப் அனுப்பாது. வேலை தொடர்ந்து ஓடும். அதுவே இணைப்பு அறுந்து பேஷுக்குச் சிக்ஹப் வந்தால், அது தன் வேலைகள் எல்லாவற்றுக்கும் அதைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் போகும். அதாவது ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போனால் வேலை பிழைக்கிறது, அறுந்து போனால் சாகிறது. இது தெரியாமல் 'நேற்று ஓடியது, இன்று ஏன் நின்றது' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம்.

மூன்றாவதுதான் மோசமான ரகம். சிக்ஹப்பைக் கண்டுகொள்ளாத ஒரு புரோகிராம், டெர்மினலிலிருந்து பயனாளர் என்ன அடிக்கிறார் என்று படிக்கப் பார்க்கும். டெர்மினலே இல்லை, அதனால் உடனே 'ஒன்றுமில்லை' என்றோ 'பிழை' என்றோ பதில் வரும். ஒழுங்காக எழுதிய புரோகிராம் அதைப் பார்த்து முடித்துக்கொள்ளும். ஒழுங்கில்லாதது, 'ஒன்றும் அடிக்கவில்லையா? சரி, மறுபடி கேட்கிறேன்' என்று விநாடிக்கு லட்சம் தடவை கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு சிபியூ முழுசாக 100 சதவீதம் காலி. யாருமே இல்லாத கடையில் யாருக்கு டீ ஆற்றுகிறாய் என்று கேட்கத் தோன்றும்.

பட்டியலில் இரண்டு வரி

ஒரு பல்கலைக்கழக சர்வரை நினைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை சர்வர் தவழ்கிறது என்று புகார். நிர்வாகி பிஎஸ் அடித்துப் பார்க்கிறார். இரண்டு வரிகள் கண்ணில் படுகின்றன. இரண்டுக்கும் தாய் எண் 1. இரண்டுக்கும் டெர்மினல் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி. இரண்டும் வெள்ளிக்கிழமை மாலை ஆரம்பித்தவை. இரண்டும் ஆளுக்கொரு சிபியூவை முழுதாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டின் சொந்தக்காரர்களும் இப்போது லாகினில் இல்லை.

முதல் வரி, இணைப்பு அறுந்த பிறகு யாருமில்லாத டெர்மினலைப் படித்துக்கொண்டிருக்கும் பழைய புரோகிராம். இரண்டாவது வரி, ஓர் ஆராய்ச்சி மாணவி நோஹப் போட்டுவிட்டு ஊருக்குப் போன மூன்று நாள் கணக்கு. இன்னும் நான்கு மணி நேரத்தில் முடியப் போகிறது.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் தகவல் அந்தப் பட்டியலில் கிடையாது. இதுதான் இந்த விஷயத்தின் முடிச்சே. கெர்னலுக்குத் தாய் யார், எண் என்ன, எப்போது ஆரம்பித்தது எல்லாம் தெரியும். ஆரம்பித்தவர் அதை வேண்டுமென்று விட்டுப் போனாரா, தெரியாமல் விட்டுப் போனாரா என்பது மட்டும் தெரியாது. போதாக்குறைக்கு, டீமன் எழுதும் பழைய முறையே வேண்டுமென்று தன்னை அநாதையாக்கிக் கொள்வதுதான். ஒரு பிள்ளையைப் பெற்று, தாய் தானே விலகிக்கொண்டு, பிள்ளையை 1இடம் ஒப்படைப்பது. அதாவது மெயில் சர்வரும் அநாதை, குப்பையும் அநாதை.

2016இல் நடந்த சண்டை

இதை ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. இப்போது பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் 1ஆம் எண்ணில் உட்கார்ந்திருப்பது சிஸ்டம்டி. 2016 மே மாதம் வந்த அதன் 230ஆம் பதிப்பில் ஓர் இயல்பு அமைப்பை மாற்றினார்கள். ஒருவர் லாக்அவுட் ஆனதும், அவர் செஷனில் மிச்சமிருக்கும் ப்ராசஸ்கள் எல்லாவற்றையும் முடித்துவிடுவது.

மாற்றியவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. டெஸ்க்டாப்பிலிருந்து வெளியேறிய பிறகும் ஏதேதோ மிச்சம் ஓடிக்கொண்டிருப்பது நிஜமான தொல்லை. வெளியேறியவரின் பெயரில் எதுவும் ஓடக்கூடாது என்பது பாதுகாப்புக் கோணத்திலும் சரி.

ஆனால் அந்த வலையில் நோஹப்பும் விழுந்தது. ஸ்க்ரீன், டிமக்ஸ் ஆகியவையும் விழுந்தன. இணைப்பு அறுந்தாலும் உங்கள் டெர்மினலை அப்படியே சர்வரில் உயிரோடு வைத்திருந்து, மறுபடி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர வைப்பவை இவை. ஸ்க்ரீன் 1987இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, டிமக்ஸ் 2007இல். லாக்அவுட் ஆன பிறகும் ஓட வேண்டும் என்பதற்காகவே உருவானவற்றை லாக்அவுட் ஆனதும் கொல்வது என்ன நியாயம் என்று பெரிய சண்டை. 43 வருடப் பழக்கம் ஒரு பதிப்பில் மாறினால் கோபம் வராதா? கடைசியில் டெபியனும் ஃபெடோராவும் தங்கள் வெளியீடுகளில் அந்த அமைப்பை அணைத்தே வைத்தன.

இந்தச் சண்டையில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு நல்ல யோசனையும் இருந்தது. 'லிங்கர்' என்று ஓர் அனுமதி. இந்தப் பயனாளர் வெளியேறிய பிறகும் இவர் பெயரில் வேலைகள் ஓடலாம் என்று முன்கூட்டியே பதிவு செய்து வைப்பது. கணக்குப் பதிவியல் மொழியில் சொன்னால் சான்றுச்சீட்டு. இல்லாமல் போன அந்த ஒரு தகவலை, அதாவது வேண்டுமென்று விட்டதா என்பதை, எழுதி வைக்கும் இடம். சண்டை நடந்ததெல்லாம் சீட்டு எழுதாதவர்களின் நிலை என்ன என்பதில்தான். எழுதாதவை எல்லாம் குப்பை என்பது ஒரு கட்சி, எழுதாதவை எல்லாம் வேலை என்பது இன்னொரு கட்சி.

சரி, சுத்தம் செய்வது எப்படி?

தணிக்கையாளர் மாதிரி. ஒவ்வொரு வரியாக.

தாய் எண் 1 என்பதை மட்டும் நம்பக்கூடாது. மேலே சொன்ன மாதிரி நல்ல டீமன்களுக்கும் அதே எண்தான். போதாததற்கு, 2012இல் வந்த லினக்ஸ் 3.4 முதல், வேறு ப்ராசஸ்களும் அநாதைகளைத் தத்து எடுக்க அனுமதி உண்டு. ஆகவே நிஜமான அநாதைக்குத் தாய் எண் வேறாகவும் இருக்கலாம். பயனாளர் பெயர், டெர்மினல், ஆரம்பித்த நேரம், இதுவரை எடுத்த சிபியூ நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, அது என்ன செய்கிறது என்று எட்டிப் பார்ப்பது. எல்எஸ்ஓஎஃப் என்ற கமாண்ட், அந்த ப்ராசஸ் எந்தெந்தக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது என்று சொல்லும். திறந்து வைத்த கோப்பு வளர்ந்துகொண்டே போனால், வேலை நடக்கிறது என்று அர்த்தம். எஸ்ட்ரேஸ் வைத்துப் பார்த்தால், கெர்னலிடம் அது என்ன கேட்கிறது என்று வரி வரியாகத் தெரியும். திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்து, திரும்பத் திரும்ப வெறுங்கையோடு வந்தால், டீ ஆற்றும் கேஸ். மேலே சொன்ன இரண்டு வரிகளும் இந்த இடத்தில் பிரிந்துவிடும்.

அப்படியும் சந்தேகம் என்றால், சொந்தக்காரருக்கு ஒரு மெயில். இதை எந்த ஒற்றை வரி வைத்தியமும் சொல்வதில்லை. ஆனால் அந்தத் தகவல் இருக்கும் ஒரே இடம் அவர் தலைக்குள்தான்.

கொல்வது என்று முடிவானால் நேராக 9க்குப் போகாதீர்கள். கில் கமாண்ட் சும்மா அடித்தால் போவது 15. அது 'முடித்துக்கொள்' என்ற வேண்டுகோள். வாங்கிய புரோகிராம் தற்காலிகக் கோப்புகளை அழித்து, பூட்டுகளைத் திறந்து, எழுதியதைச் சேமித்துவிட்டுப் போகலாம். விம் எடிட்டர் 1ஓ 15ஓ வந்தால், சேமிக்காத திருத்தங்களை ஸ்வாப் கோப்பில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் சாகும். 9 என்பது கேள்வி கேட்காத உத்தரவு. அதைப் புரோகிராமால் பிடிக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. முதலில் 1 அல்லது 15, கொஞ்ச நேரம் காத்திருப்பு, அசையவில்லை என்றால் 9. அந்த 9க்கும் அசையாமல் சிலது நிற்கும். நெட்வொர்க் டிஸ்க்கின் பதிலுக்காகக் கெர்னலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டவை அவை. அந்த டிஸ்க்கைச் சரி செய்தால்தான் விடிவு.

முக்கியமான இன்னொன்று. காலையில் எடுத்த பட்டியலை வைத்துச் சாயந்திரம் கொல்லக்கூடாது. ப்ராசஸ் எண்கள் மறுபடி மறுபடி பயன்படுபவை. லினக்ஸில் வெகுகாலம் வழக்கமான உச்சவரம்பு 32,768தான். பரபரப்பான சர்வரில் அந்த எண்ணிக்கை ஒரு சுற்று சுற்றி வர அதிக நேரம் ஆகாது. காலையில் குப்பைக்கு இருந்த எண், சாயந்திரம் வேறு யாருடைய வேலைக்கோ போயிருக்கும்.

சேராமல் இருக்க

எஸ்எஸ்ஹெச் சர்வரிலேயே 'இத்தனை விநாடிக்கு ஒரு தடவை ஆள் இருக்கிறாரா என்று கேள்' என்று அமைக்கலாம். 60 விநாடி, 3 தடவை என்று வைத்தால் 2 மணி 11 நிமிடம் சுமார் 3 நிமிடமாகச் சுருங்கும். ஆனால் ரயிலில் போய்க்கொண்டு மொபைல் இணைப்பில் வேலை செய்பவருக்கு அந்த 3 நிமிடம் ஒரு சுரங்கப்பாதையில் போய்விடும். அதனால் இதைச் செய்பவர், டிமக்ஸ் பயன்படுத்தவும் எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டும்.

இணைப்பு அறுந்தாலும் தானே ஒட்டிக்கொள்ளும் மோஷ் 2012இல் எம்ஐடியிலிருந்து வந்தது. அற்புதமான கருவி. ஆனால் அதன் சர்வர் பகுதி, லேப்டாப் திரும்பி வரும் என்று நம்பிக் காத்திருக்கும். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்துவிட்டால் திரும்பி வர ஆளே இல்லை, காத்திருப்பு மட்டும் தொடரும். இணைப்பு அறுவதற்குக் கண்டுபிடித்த மருந்தே புது அநாதைகளைப் பெறுகிறது.

பயனாளர் பக்கம் செய்யக்கூடியது இன்னும் எளிது. நீண்ட வேலையை ஆரம்பிக்கும்போது டைம்அவுட் என்ற கமாண்டோடு சேர்த்து, 'இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓடாதே' என்று கெடு வைத்து ஆரம்பிக்கலாம். வேலை நடக்கும் கோப்புறையில் என்ன வேலை, யாருடையது, எப்போது முடியும் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். திங்கட்கிழமை காலை அந்தப் பட்டியலைப் பார்க்கப் போகிறவருக்கு அந்த ஒரு வரி போதும்.

அனாமத்துக் கணக்கை யாரும் அழித்து மூடுவதில்லை. அதிலுள்ள ஒவ்வொரு தொகையும் எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து, அங்கே மாற்றி எழுத எழுத, அது தானாக மூடிக்கொள்ளும். சர்வரிலும் அதே வழிதான். நேரம் பிடிக்கும். ஆனால் அந்த மாணவியின் மூன்று நாள் மிச்சமாகும்.

பி.கு.: லினக்ஸில் 'கில்ஆல்' என்று அடித்து ஒரு பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயருள்ள ப்ராசஸ்கள் மட்டும் சாகும். சோலாரிஸில் அதே கில்ஆல், பெயருக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் கொல்லும். சர்வரை அணைக்கும்போது பயன்படுத்த வைத்தது அது. புது இடத்தில் சுத்தம் செய்யப் போகிறவர்கள் துடைப்பத்தைத் தூக்கும் முன் மேன் பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.